மேகத்துள் எழும்பும் சிறு விமானம்

மேகம் தாழ்ந்து கவிந்த காலைப்பொழுதில், சொந்த விருப்பத்துக்காகச் சிறு விமானம் ஓட்டும் ஒருவர் ஓடுதளத்தை விட்டு எழும்பலாமா என்ற கேள்விக்குச் சட்டம் ஒரு விடையையும் மனித சரீரம் வேறொரு விடையையும் தருகின்றன என்பதும், அவ்விரண்டில் சரீரம் தரும் விடையே கண்டிப்பானது என்பதும், விமான விபத்துகளின் சரித்திரத்தைப் படிப்போர்க்கு ஐயமற விளங்கும்.

நம் உட்செவியில் உடலின் சாய்வை உணர்த்தும் நுண்ணுறுப்புகளுக்குப் பூமியின் ஈர்ப்பையும், விமானம் விரைவதால் விளையும் விசையையும் தனித்தனியே பிரித்தறியும் சக்தி இல்லை. ஆகையால், வேகமெடுத்து எழும் விமானம் மேகத்துள் புகுந்து அடிவானம் மறைந்ததும், மூக்கு அளவு மீறி உயர்ந்துவிட்டதென்ற பிரமை விமானியைப் பற்றிக்கொள்ள, அவர் அதைத் தாழ்த்தித் தாழ்த்தி, நிலத்தில் மோதும்வரை தாம் செய்வது சரியென்றே நம்பிவிடுவதும் உண்டு. இப்பிரமையை நீண்ட அநுபவமும் நீக்குவதில்லை. கருவியின் முகத்தைப் பார்த்து, உடல் சொல்வதைப் புறக்கணிக்கும் பயிற்சி ஒன்றே துணை. பெரணமல்லூர் போன்ற பட்டு நெசவூர்களில், தறியில் சித்திரம் அமைக்கும் ஜக்கார்டுப் பெட்டியின் அட்டைகள் வகுத்த வரிசையை நெசவாளர் தம் ஞாபகத்தை நம்பி மீறாததைப் போன்ற கட்டுப்பாடு அது.

கருவியே பொய் சொன்னால் என்னவாகும் என்பதை நம் தேசமே கண்டது. 1978 ஜனவரி 1 இரவு பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' என்னும் போயிங் 747, அடிவானம் தெரியாத இருண்ட கடலின் மேல் சென்றபோது, தலைமை விமானியின் முன்னிருந்த சாய்வுகாட்டி பழுதுற்று, விமானம் நேராகிய பின்பும் வலச்சாய்வையே காட்டி நின்றது. அவர் இடப்புறம் திருப்பிக்கொண்டே போக, 213 உயிர்கள் அரபிக்கடலில் மாண்டன. அவ்விமானத்தை ஓட்டியவர்கள் தேர்ந்த விமானிகள். பயிற்சியற்றவரின் கதி இன்னும் எளிதில் முடிகிறது: 1959 பிப்ரவரி 3 அன்று அமெரிக்கப் பாடகர் பட்டி ஹாலியை ஏற்றிக்கொண்டு பனி இரவில் எழும்பிய சிறு விமானம், கருவிப் பறத்தலுக்கான தகுதி பெறாத இளம் விமானியின் கையில், சில மைல்களுக்குள்ளேயே வீழ்ந்தது.

இனி விதிகள். இந்தியாவில் கண்பார்வையை நம்பிப் பறப்பவருக்குத் தாழ்ந்த உயரங்களில் 5 கிலோமீட்டர் பார்வைத் தெளிவும், மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டரும் செங்குத்தாக 300 மீட்டரும் விலகலும் வேண்டும். சூரியாஸ்தமனத்துக்குப் பின், விலக்கு அளிக்கப்பட்டாலன்றி இவ்வாறு பறத்தல் கூடாது. இவ்வெல்லையைக் கடக்க விரும்புவோர் கருவித் தகுதிச் சான்று பெற வேண்டும். அமெரிக்காவிலோ, வாடகை விமானங்களைக் கட்டுப்படுத்தும் குறைந்தபட்சப் புறப்பாட்டுப் பார்வை, கருவித் தகுதியுள்ள தனியாரைக் கட்டுப்படுத்துவதில்லை; ஓடுதளத்தின் மறுமுனை தெரியாத மூடுபனியிலும் அவர் சட்டப்படி எழும்பலாம். இச்சுதந்திரம் எனக்கு அச்சமளிக்கிறது.

ஏனெனில், கருவிப் புறப்பாட்டுக்கான வழிகள் ஒரு கணக்கின் மேல் அமைந்தவை. 100 மீட்டர் முன்னேறுகையில் 3.3 மீட்டராவது உயர வேண்டும், அதில் 2.5 தடைகளைக் கணித்த தளம், எஞ்சிய 0.8 பாதுகாப்பு இடைவெளி. மணிக்கு 90 கடல்மைல் வேகத்தில் செல்லும் விமானம் இதற்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 அடி ஏற வேண்டும். மார்கழிக் காலையில் எளிதான இது, நால்வர் ஏறிய ஒற்றை எஞ்சின் விமானத்துக்குச் சித்திரை வெயிலில் இலேசானதன்று; உஷ்ணக்காற்று அடர்த்தி குறைந்து இறக்கையின் தூக்குவிசையையும் எஞ்சினின் திறனையும் ஒருங்கே குறைக்கிறது. வேலூரைப் போல் மலைகள் சூழ்ந்த ஊர்களில் அதனினும் செங்குத்தான ஏற்றம் தேவைப்படலாம். மேகத்துள் இருப்பவருக்கு அம்மலை கண்ணில் படாது.

இன்னொன்று, புறப்பட்ட மறுநிமிடமே எஞ்சின் தடுமாறினால், இறங்குவதற்குரிய பார்வை அதே ஓடுதளத்தில் இருக்க வேண்டும். பெரிய விமானங்களுக்கு, புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப இயலாவிடில் குறித்த தூரத்துக்குள் மாற்று நிலையம் ஒன்றை முன்கூட்டியே வகுக்கும் விதி உண்டு. ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு அத்தூரம் செல்லும் உறுதியே இல்லை. ஆகவே, திரும்பி இறங்கத் தேவையான பார்வை இல்லாத வேளையில் எழும்பலாகாது என்பதை, சட்டம் கேட்டாலும் கேளாவிட்டாலும், நம் பறத்தல் சங்கங்கள் தம் மாணவர்களின் பயிற்சிப் புத்தகத்தின் முதற்பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.