ஜார்ஜியா வைத்த பாக்கி

1777 அக்டோபரில், அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தபோது, சவான்னா அருகே இருந்த படைகளுக்காக ஜார்ஜியா அரசின் இரண்டு கொள்முதல் அதிகாரிகள் தென் கரோலினா வணிகர் ராபர்ட் ஃபார்குவாரிடம் சரக்கு வாங்கினார்கள். விலை 1,69,613 டாலருக்குச் சற்று மேல். சரக்கு போய்ச் சேர்ந்தது, பணம் வரவில்லை. ‘எங்கள் அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டோம், அவர்களிடம் கேளுங்கள்’ என்று ஜார்ஜியா கைகழுவியது. கேட்டுக் கேட்டு அலுத்த ஃபார்குவார் 1784இல் படகு விபத்தில் இறந்தார்.

பாக்கியை வசூலிக்கும் பொறுப்பு அவரது உயிலை நிறைவேற்ற வந்த அலெக்சாண்டர் சிஸ்ஹோமுக்கு வந்தது. 1791இல் வட்ட நீதிமன்றம் வழக்கைத் தள்ளியதும், அவர் பிலடெல்பியாவில் கூடிவந்த உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ஒரு மாநிலத்துக்கும் வேறொரு மாநிலத்துக் குடிமக்களுக்கும் இடையிலான வழக்குகளைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்கலாம் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதியிருந்தது. சிஸ்ஹோமுக்காக வாதாடியவர் எட்மண்ட் ராண்டால்ஃப். நாட்டின் அட்டர்னி ஜெனரலே தனியார் கட்சிக்காரருக்காக நிற்பது அன்று வழக்கத்துக்கு மாறானதல்ல. ஜார்ஜியாவோ ஆஜராக மறுத்தது. இறையாண்மை உள்ள மாநிலத்தைத் தனிமனிதர் கூண்டில் ஏற்ற முடியாது என்று எழுத்தில் ஆட்சேபம் மட்டும் கொடுத்தது.

1793 பிப்ரவரி 18 அன்று நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் ஜார்ஜியா தோற்றது. தலைமை நீதிபதி ஜான் ஜே உட்பட ஐவரும் தனித்தனியே தீர்ப்பு வாசித்தார்கள். அவற்றில் கூர்மையானது ஜேம்ஸ் வில்சனுடையது: இறையாண்மை மக்களுடையது, வாக்குத் தவறிய வணிகர் கோர்ட்டுக்கு வரவேண்டுமென்றால் வாக்குத் தவறிய மாநிலமும் வரவேண்டியதுதான். மாறுபட்டவர் ஜேம்ஸ் ஐரடெல். கீழ் நீதிமன்றத்தில் வழக்கைத் தள்ளியவரும் அவரே.

மாநிலங்கள் நடுங்கின. போர்க்காலக் கடன்கள் எல்லாவற்றின் தலையிலும் இருந்தன. பறிமுதல் செய்த சொத்துகளைக் கேட்டு யாரெல்லாம் வருவார்களோ என்ற பயம் வேறு. தீர்ப்பை நிறைவேற்ற வருபவரைத் தூக்கிலிட வேண்டும் என்று ஜார்ஜியாவின் கீழவை ஒரு மசோதாவையே நிறைவேற்றியது; அது சட்டமாகவில்லை. 1794 மார்ச்சில் காங்கிரஸ், இத்தகைய வழக்குகளுக்குத் தடைபோடும் ஓர் அரசியல் சட்டத் திருத்தத்தை மாநிலங்களுக்கு அனுப்பியது. 1795 பிப்ரவரி 7இல் தேவையான ஒப்புதல் கிடைத்து அது பதினோராவது திருத்தமானது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் கவிழ்க்க வந்த முதல் திருத்தம் அது. நிலுவையில் இருந்த இத்தகைய வழக்குகளையும் 1798இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.

ஃபார்குவார் குடும்பம் அதுவரை காத்திருக்கவில்லை. 1794லேயே அவரது மருமகன் ஜார்ஜியாவோடு சமரசம் செய்துகொண்டார். கைக்கு வந்தது ரொக்கமல்ல, ஜார்ஜியாவின் கடன் பத்திரங்கள்.