ட்ரீட்டுக்கு வராவிட்டால் வேலை போகுமா?

திருவண்ணாமலையில் வேலை முடித்து கலசப்பாக்கம் திரும்புகிறவருக்குக் கடைசி பஸ்தான் கவலை. பிறந்தநாள் ட்ரீட்டுக்கு நிற்கமாட்டார், டூருக்குப் பணம் கொடுக்கமாட்டார். “யாரோடும் ஒட்டமாட்டார்” என்று பெயர் வரும். பிறகு ஒருநாள், “நாளையிலிருந்து வர வேண்டாம்.”

பிரான்சில் கியூபிக் பார்ட்னர்ஸ் நிறுவனம் 2015-இல் ஓர் ஊழியரை இப்படித்தான் அனுப்பியது. வார இறுதிக் குடி விருந்துகளுக்கு அவர் வராததும் ஒரு காரணம். அது அவருடைய கருத்துச் சுதந்திரம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் சொல்லிவிட்டது.

தனியார் வேலையில் எல்லாப் பாகுபாட்டையும் தடுக்கிற ஒரே சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆனால் கடை, அலுவலக ஊழியருக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 இருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் (அல்லது அதற்கான சம்பளமும்) இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது அதன் 41-ஆம் பிரிவு. ஒழுங்கீனம் என்றால் விசாரணை நடத்த வேண்டும். தொழிற்சாலை என்றால் தொழிலாளர் துறை சமரச அலுவலரிடம் போகலாம். நிலையாணையில் (தொழிற்சாலையின் எழுதப்பட்ட வேலை விதிகளில்) இல்லாத செயலை ஒழுங்கீனமாக்கித் தண்டிக்க முடியாது என்று 1983-இலேயே கிளாக்சோ நிறுவன வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்னொன்று: அவராக ஒதுங்கினாரா, ஒதுக்கினார்களா? ஜவ்வாது மலையிலிருந்து வந்த மலையாளி பழங்குடிப் பையனைச் சாப்பாட்டு மேசையில் யாரும் சேர்க்கவில்லை என்றால், குறை அவனிடம் இல்லை. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் சமூகப் புறக்கணிப்பு செய்வது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். தவறான நோக்கத்தோடு மேலதிகாரி விருந்துக்கு அழைத்து, மறுத்த பெண்ணை வேலையைவிட்டு அனுப்பினால், 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம். ஆட்டிசமோ காதுகேளாமையோ உள்ளவருக்கு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் துணை.

சட்டத்தை எல்லாம் வீணாக்கும் காகிதம் ஒன்று உண்டு: ராஜினாமா கடிதம். “நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள், எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டுக்கு நல்லது” என்று ஹெச்.ஆர். தேனாகப் பேசுவார். கையெழுத்துப் போட்டால் நீங்களாகப் போனதாகிவிடும். மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கேட்டில் நிறுத்தினால், அன்றே “வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை” என்று ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பி ரசீதை வையுங்கள். இல்லையேல் சொல்லாமல் நின்றுவிட்டதாக எழுதிக்கொள்வார்கள். சம்பளச் சீட்டையும் பாராட்டிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் அனைவருக்கும் சட்ட உதவி இலவசம், எண் 15100. ஆனால் தாமதிக்காதீர்கள்: வேலை நீக்கத்தை எதிர்த்துக் கடை, அலுவலக ஊழியர் மேல்முறையீடு செய்யக் கெடு 30 நாள்தான்.