ஹிப் ஹாப் இசையைத் தோற்றுவித்தவர் யார்?

ஒவ்வொரு கலைக்கும் ஒரே ஒருவரைத் தந்தையென்று சுட்டிவிடுவது நம் பாடநூல்கள் வளர்த்த பழக்கம். தேர்வுக்கு அது எளிது, வரலாற்றுக்குப் போதாது. அண்மையில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஹிப் ஹாப்பைக் கண்டுபிடித்தவர் யார், ஐயா?" என்று என்னைக் கேட்டான். ஒரு சொல்லில் விடையிறுக்க இயலவில்லை. அவ்விடையை ஈண்டு ஆராய்வோம்.

இவ்விசை பிறந்த இடம் நியூயார்க் நகரின் பிராங்ஸ் வட்டாரம். கறுப்பின மக்களும், போர்ட்டோ ரிக்கோவினரும், கரீபியத் தீவினரும் வறுமையோடு போராடி வாழ்ந்த பகுதி அது. 1973ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11ஆம் நாள், அங்குள்ள செட்ஜ்விக் சாலை 1520ஆம் எண் கட்டடத்தில் ஒரு விருந்து நடந்தது. அதை ஏற்பாடு செய்தவர் சிண்டி கேம்பல் என்னும் மங்கை. பள்ளி திறக்குமுன் புத்தாடை வாங்கப் பணம் சேர்ப்பதே அவர் நோக்கம். இசைத்தட்டுகளைச் சுழலவிட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ் கேம்பல். ஜமைக்காவில் பிறந்து 1967இல் பிராங்ஸில் குடியேறிய இவரையே உலகம் கூல் ஹெர்க் என்று அழைக்கிறது.

ஹெர்க் செய்த புதுமை யாது? பாட்டு ஓய்ந்து தாளவொலி மட்டும் தனித்து நிற்கும் சில நொடிகளிலேதான் ஆடுவோர் மிகுந்த ஊக்கம் கொள்கின்றனர் என்பதை அவர் கண்டார். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரு சுழற்கருவிகளில் வைத்தார். ஒன்றில் அப்பகுதி முடிந்ததும் மற்றொன்றில் அதையே தொடங்கினார். நொடிகள் நிமிடங்களாயின. அவருடைய நண்பர் கோக் லா ராக் ஒலிவாங்கியைப் பிடித்து, கூட்டத்தாரை விளித்துச் சந்தத்தோடு பேசினார்.

பின்வந்தோர் இதனைச் செம்மைப்படுத்தினர். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், தட்டின்மேல் வண்ணக்கோலால் குறியிட்டு, தாளம் பிசகாமல் இணைக்கும் முறையை வகுத்தார். கிராண்ட் விசார்ட் தியோடர் என்ற சிறுவர், ஊசியின்கீழ்த் தட்டை முன்னும் பின்னும் தேய்த்தெழுப்பும் ஓசையையே இசையாக்கினார். இவர்களுக்கும் முன்னரே, இசைத்தட்டின்மேல் பேசும் வழக்கம் ஜமைக்காவில் இருந்தது. எதுகையோடு சொல்லாடும் மரபு அமெரிக்கக் கறுப்பினத்தாரிடம் இருந்தது. ஊர் கூடி இழுத்த தேர் இது.

ஆயினும், தேரிழுத்தவர் அனைவருக்கும் பெயர் கிட்டிற்றா? 1979இல் சில்வியா ராபின்சன் என்னும் அம்மையார் தம் நிறுவனத்தின்வழி வெளியிட்ட 'ராப்பர்ஸ் டிலைட்' இவ்விசையை உலகறியச் செய்தது. அதில் பாடிய மூவருள் ஒருவரான பிக் பேங்க் ஹேங்க், கிராண்ட்மாஸ்டர் கேஸ் என்பவரின் வரிகளைப் பாடினார். கேஸின் புனைபெயரையும் மாற்றாமல் எழுத்தெழுத்தாக ஒப்புவித்ததே அதற்குச் சான்று. ஆனால் கேஸின் பெயர் தட்டில் ஏறவில்லை. அப்பாட்டின் அடிப்படை மெட்டு 'ஷிக்' குழுவினருடையது. அவர்கள் வாதாடியதால் அவர்தம் பெயர்கள் பின்னர்ச் சேர்க்கப்பட்டன.

கிளைடு ஸ்டபிள்ஃபீல்டின் கதை இன்னும் வருந்தத்தக்கது. 1969இல் ஜேம்ஸ் பிரவுனின் பாட்டொன்றுக்கு அவர் வாசித்த சில நொடித் தாளம், பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான ஹிப் ஹாப் பாடல்களில் வெட்டியெடுத்து ஒட்டப்பட்டது. பாட்டின் உரிமை அவருடையதன்று. ஆதலால் உரிமைத்தொகையும் அவரை வந்தடையவில்லை. 2017இல் மறைந்தார்.

தோட்டத்தில் வாழ்ந்த நமக்கு இது புதிதன்று. மரம் நட்டவர் ஒருவர். பால் வெட்டியவர் ஒருவர். விற்றுப் பொருள் சேர்த்தவர் மற்றொருவர்.

எனவே அம்மாணவனுக்கு நான் கூறிய விடை இது: "வழியைத் திறந்தவர் ஹெர்க், அதைச் சாலையாக்கியவர் பலர். அப்பலருள் சிலரின் பெயரை உலகம் எழுத மறந்தது." 2006இல் யோகி பி குழுவினரின் 'வல்லவன்' வழி நம் நாட்டுத் தமிழிலும் இவ்விசை வேரூன்றிவிட்டது. அதைப் பாடும் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றையும் சொல்லுவோம். பிறர் வரியை எடுத்தால் அவர் பெயரையும் எழுதவேண்டும் என்னும் நேர்மை, கட்டுரை ஏட்டிலேயே தொடங்கட்டும்.