சிறிய காரும் பெரிய காரும்

இலக்கணமும் இலக்கியமும் கற்கும் மாணாக்கர்க்கு மோட்டார் வண்டியைப் பற்றி எழுத யாது உரிமை என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். வினா நேரியதே. ஆயினும், 2024-இல் எம் இல்லத்திலிருந்த ஆல்டோ என்னும் சிறிய காரைக் கொடுத்துப் பழைய இன்னோவா ஒன்றை வாங்கப் புகுந்தபொழுது யாம் பட்ட பாடும் பெற்ற அறிவும், இவ்விதழை வாசிக்கும் அன்பர் சிலர்க்கேனும் பயன்படலாம் என்னும் துணிவினால் இதனை எழுதலானோம்.

மாற்றத்தின் காரணம் வெளிப்படை. ஆல்டோவை வாங்கிய 2011-இல் இல்லத்திலிருந்தோர் நால்வர். அவருள் இருவர் சிறுவர். இப்பொழுதோ அறுவர். தங்கை பிறந்தாள், பாட்டியார் எம்முடன் வந்து சேர்ந்தார், தம்பியின் கால்களும் நாள்தோறும் நீள்கின்றன. 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் மூன்று சிலிண்டரும் உடைய அச்சிறு எஞ்சினை யாம் குறைகூறோம். பதின்மூன்றாண்டு பிழையின்றி உழைத்தது. எனினும், பாட்டியாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுந்தோறும் இருவர் பேருந்தில் பின்தொடர வேண்டியதாயிற்று. புதிய எழுவரிருக்கை வண்டியின் விலை தந்தையாரின் ஓராண்டு ஊதியத்தினும் மிக்கது. ஆதலின் பழையதையே நாடினோம்.

இன்னோவா இந்தியாவுக்கு வந்தது 2005-இல்; 2016-இல் கிரிஸ்டா என்னும் மறுவடிவம் அதன் இடத்தைப் பெற்றது. யாம் தேடியது முன்னைய வடிவம். அது 4½ மீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமும், ஆல்டோவைப்போல் இருமடங்கின் மிக்க எடையும் உடையது. அவ்வண்டிகளுள் மிகப் பல டாக்சியாக ஓடியவை. பின்னர் மஞ்சட் பலகை நீக்கி வெள்ளைப் பலகை பூண்டவையும் உண்டு. ஆர்.சி. புத்தகத்தை ஊன்றி நோக்கினாலன்றி இது புலப்படாது.

முதற்கண் கண்ட வண்டியின் மீட்டர் 72,000 கிலோமீட்டர் என்றது. ஆனால் பிரேக் பெடலின் ரப்பரோ வரிகள் முற்றும் தேய்ந்து கூழாங்கல்போல் வழவழப்பாயிருந்தது. ஐயுற்றுக் கம்பெனிப் பட்டறையில் வினவ, 2019-இலேயே அவ்வண்டி 1,40,000 கடந்தமை பதிவேட்டில் இருந்தது! மீட்டர் பொய்யுரைக்கும், பெடலும் ஸ்டியரிங்கும் ஓட்டுநர் இருக்கையின் ஓரமும் அத்துணை எளிதிற் பொய்யுரையா. டயரும் அவ்வாறே. அதன் பக்கத்தே பொறித்த நான்கு இலக்கங்களில் முன்னிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 எனின் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள்.

சென்னை வண்டியாயின் இன்னுமொரு சோதனை வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அந்நகரில் எண்ணிறந்த கார்கள் வெள்ளத்தில் மூழ்கின. சீட் பெல்ட்டை அடிவரை இழுத்து நோக்குக. வெளிப்பகுதி கழுவித் தூய்மை செய்யப்பட்டிருப்பினும், உள்ளே சுருண்டு கிடந்த பகுதியிற் சேற்றுக்கறை தங்கியிருக்கும். எஞ்சினையோ அது குளிர்ந்திருக்கும் காலையில் உயிர்ப்பித்துக் காண்டல் வேண்டும். நீலப்புகை எஞ்சின் எண்ணெய் எரிதலைக் காட்டும். விற்போர் முன்னரே வண்டியைச் சூடேற்றி வைத்திருப்பின் மறுநாள் வருவதே நலம்.

விலைபேசுதலில் எமக்கு நேர்ந்த மயக்கத்தையும் கூறல் வேண்டும். ஒரு வணிகர் எம் ஆல்டோவுக்கு 1,20,000 ரூபாய் தருவதாகக் கூறினார், யாம் மகிழ்ந்தோம். மற்றொருவர் 90,000-க்கு மேல் ஒரு காசும் தாரேன் என்றார், சினந்தோம். தங்கைதான் நோட்டுப்புத்தகத்தில் கழித்துப் பார்த்தாள். முன்னவர் தம் இன்னோவாவுக்குக் கேட்டது 6,40,000. பின்னவர் அதே ஆண்டின் வண்டிக்குக் கேட்டது 5,90,000. எனவே யாம் கையிலிருந்து கொடுக்க வேண்டியது முன்னவர்க்கு 5,20,000, பின்னவர்க்கு 5,00,000. பழையதற்கு மிகுதியாகத் தந்தாற்போல் காட்டிப் பெரியதன் விலையில் அதனை மீட்டுக்கொள்ளுதல் இவ்வணிகத்தின் இயல்பு. பின்னவரிடமே 2013-ஆம் ஆண்டு வண்டியைக் கொண்டோம். பதிவு 15 ஆண்டுக்கே ஆதலால் 2028-இல் சோதனைக்குட்பட்டுப் புதுப்பித்தல் வேண்டும் என்பதையும் விலையிற் கருதினோம்.

பாட்டியாரை உடனழைத்துச் சென்று ஏற்றிப் பார்க்க மறந்தமை எம் பிழை. ஆல்டோவில் அவர் அமர்ந்தே நுழைவார், இன்னோவாவிலோ ஏற வேண்டும், முழங்கால் இசையவில்லை. இன்றும் ஒரு சிறு மரப்படி பின்புறத்தே எம்முடன் பயணம் செய்கின்றது. மூன்றாம் வரிசையை விரித்தால் பெட்டிகளுக்கு இடம் அரிது என்பதையும் முதற் பயணத்திலேயே கண்டுகொண்டோம்.

இவை சிறு குறைகள். பெரிது, கொடுத்த வண்டியினால் வந்தது. வணிகர் படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குவோர் பெயரின்றியே தந்தையாரின் கையொப்பம் பெற்றுக்கொண்டார். “எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், சார்” என்றார். இரண்டு திங்கள் கழிந்து, யாம் காணாத ஊரொன்றில் சீட் பெல்ட் அணியாது ஆல்டோ ஓட்டியதற்கு அபராதம் என்னும் செய்தி தந்தையாரின் கைப்பேசிக்கு வந்தது. பரிவாகன் தளத்திற் பார்த்தால் உரிமையாளர் இன்னும் அவரே.

அபராதம் சிறிது, அச்சம் பெரிது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி, அதே மாநிலத்துள் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் பதிவு அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். பலர் கைமாறியும் பெயர் மாறாத ஒரு கார் விளைத்த விபத்தில், பதிவேட்டிற் பெயருள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. இன்ஷ்யூரன்சும் காலாவதியாகியிருப்பின் தந்தையாரின் நிலை யாதாகும்! 2023 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த விதிகளின்படி, அனுமதி பெற்ற வணிகரிடம் வண்டியை ஒப்படைத்தமையை முறையாக அறிவித்துவிட்டால் பொறுப்பு அவர்பாற் செல்லும். எம் வணிகர்க்கு அவ்வனுமதி உண்டோ என்று யாம் கேட்கவேயில்லை.

தந்தையார் வணிகரை மும்முறை நேரிற் கண்டு, வாங்கியவரின் முகவரி பெற்று, அவர் இல்லம் சென்று வேண்டினார். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு இருவரும் ஒருங்கே சென்றனர். நான்காம் திங்களிலேதான் பெயர் மாறிற்று. அதுகாறும் கைப்பேசி ஒலிக்குந்தோறும் தந்தையாரின் முகம் வேறுபடுதலைக் கண்டோம்.