சங்கக் கணக்கும் இரட்டைத் தட்டும்

ஆரணி, பட்டுக்கும் அரிசிக்கும் பெயர் பெற்ற நகரம். நகரிலும் அதனை அடுத்த ஊர்களிலும் பட்டு நெய்வோரும், சுற்றுப்புறச் சிற்றூர்களில் நெல் விளைவிப்போரும் தொழிலால் வேறுபட்டவர்கள். எனினும் கூட்டுறவுச் சங்கத்தின் படியேறும்போது இருவருக்கும் பொதுவாகிவிடும் பொருள் ஒன்று உண்டு. அது கணக்கு. நெசவாளர் பெற்ற பாவு எத்தனை, பட்டும் சரிகையும் என்ன எடை, நெய்து கொடுத்த சேலை எத்தனை, கூலி எவ்வளவு, அதில் சேமிப்புக்காகப் பிடித்த தொகை எவ்வளவு என்பன ஒருபுறம். உழவர் பெற்ற பயிர்க்கடன், வாங்கிய உரம், திருப்பிச் செலுத்திய தவணை என்பன மறுபுறம். இவ்வரிகள் அழிந்துபோனால், அங்கத்தினர் தம் உழைப்புக்குச் சாட்சி இல்லாதவராகிவிடுகிறார்.

முற்காலத்தில் இக்கணக்குகள் தடித்த பேரேடுகளில் இருந்தன. இப்பொழுது கணினிக்கு மாறி வருகின்றன. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினி மயமாக்க 2022 ஜூன் மாதத்தில் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்களிலும் கணக்கு, பங்குப் பதிவு, ஜக்கார்டு டிசைன் ஆகியவை கணினிக் கோப்புகளாக வைக்கப்படுகின்றன. அலுவலகத்தில் பலரும் தத்தம் மேசையிலிருந்தே எடுத்துப் படிக்கவும் எழுதவும் ஏற்றவாறு, இக்கோப்புகளைப் பொதுவாக ஓரிடத்தில் வைத்திருக்கும் இயந்திரத்தையே சர்வர் என்கிறோம்.

இச்சர்வரின் உள்ளே கோப்புகளைத் தாங்குவது ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டு. அது இரவும் பகலும் சுழலும் பொருள். ஆகவே தேய்மானத்துக்கு உட்பட்டது. எந்தத் தட்டும் ஒருநாள் நிற்கும். என்று நிற்கும் என்பதை முன்கூட்டி உறுதியாகச் சொல்வார் இல்லை. கூலி பட்டுவாடா நாளன்று காலையில் அது நின்றால் என்ன செய்வது? இவ்வினாவுக்கு விடையாக அமைந்ததே இரட்டைத் தட்டு முறை.

இம்முறையின் தத்துவம் நம் அங்கத்தினர்களுக்குப் புதிதன்று. நெசவாளருக்குப் பாவு கொடுத்ததும் கூலி கொடுத்ததும் சங்கப் பேரேட்டில் ஒருமுறையும், அவர் கையிலுள்ள பாஸ் புத்தகத்தில் ஒருமுறையும் பதிவாகின்றன. ஒன்று தொலைந்தால் மற்றொன்று பேசும். சர்வரிலும் அவ்வாறே ஒரே அளவுள்ள இரண்டு தட்டுகளைப் பொருத்தி, எழுதும் ஒவ்வொரு வரியும் இரண்டிலும் ஏறும்படி செய்கிறார்கள். கண்ணாடியில் முகம் தெரிவதுபோல ஒன்றில் உள்ளது மற்றொன்றிலும் இருப்பதால், இதனை ஆங்கிலத்தில் கண்ணாடியின் பெயரால் 'மிர்ரர்' என்று வழங்குகின்றனர். நான்கு டெராபைட் தட்டுகள் இரண்டை வாங்கினால் நமக்குக் கிடைக்கும் இடம் நான்கே. எஞ்சிய நான்கும் பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை.

1988-ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர், விலை மலிந்த சிறு தட்டுகள் பலவற்றைச் சேர்த்து நம்பகமான ஒரு தொகுதியாக்கும் வழிகளை வகைப்படுத்தி ஒரு கட்டுரை வெளியிட்டனர். 'ரெய்டு' என்ற பெயர் அக்கட்டுரையால் பரவியது. அவர்கள் வகுத்த படிகளுள் முதற்படியே இந்த இரட்டைத் தட்டு. தனித்தனியே வலுவற்றவை கூடி நின்று வலிமை பெறுதல் என்பது கூட்டுறவாளர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி, ஒரு தட்டு நின்றுபோனால் நடப்பதைக் காண்போம். சர்வர் நிற்பதில்லை. மற்றொரு தட்டைக் கொண்டு முன்போலவே பணி செய்கிறது. எழுத்தர் பேரேட்டைத் திறக்கிறார்; அது திறக்கிறது. கூலி பட்டுவாடாவும் நடக்கிறது. இதுவே இம்முறையின் பெருமை. இதுவே இதன் பேராபத்துமாகும். வேலை தடைப்படாமையால் பழுது நேர்ந்ததை ஒருவரும் உணர்வதில்லை. இயந்திரத்தின் விளக்கு நிறம் மாறலாம். சிறு ஒலி எழலாம். ஆனால் அது நூல் மூட்டைகளின் பின்னே ஒரு மூலையில் இருக்குமாயின் விளக்கை யார் பார்ப்பார்? ஒலி தொல்லை தருகிறதென்று அதனை அடக்கிவிடுவாரும் உளர். அன்றுமுதல் சங்கத்தின் கணக்கு முழுவதும் ஒற்றைத் தட்டின்மீது நிற்கிறது. இரண்டு உள்ளன என்ற நம்பிக்கை மட்டும் எஞ்சியிருக்கிறது.

பழுதுற்ற தட்டை மாற்றியவுடன் ஆபத்து நீங்கிவிடுவதும் இல்லை. எஞ்சிய தட்டிலுள்ளவை எல்லாம் புதியதன்மீது நகலெடுக்கப்பட வேண்டும். வினாடிக்கு 150 மெகாபைட் வீதம் இடையறாது நகலெடுத்தாலும், நான்கு டெராபைட் தட்டுக்கு ஏறத்தாழ ஏழரை மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் முதுமையடைந்த அந்த ஒற்றைத் தட்டு ஓய்வின்றி உழைக்கிறது. இரண்டும் ஒரே நாளில், ஒரே தொகுதியிலிருந்து வாங்கியவையாயின், ஒன்றன்பின் ஒன்றாக விரைவில் நின்றுபோகவும் கூடும். ஆகவே வாங்கும்போதே வெவ்வேறு தொகுதிகளிலிருந்து வாங்குவதும், மாற்றுத் தட்டு ஒன்றைக் கையிருப்பில் வைத்திருப்பதும் நலம்.

இரட்டைத் தட்டு காக்க இயலாதவையும் உள. தட்டு நின்றுபோவதை அது தாங்கும். மனிதர் பிழையைத் தாங்காது. டிசைன் எழுதுவோர் ஒருவர் புதிய கரை ஒன்றை வரைந்து, பெயரை மாற்ற மறந்து, பழைய கரையின் கோப்பின்மீதே சேமித்துவிட்டார் என்று கொள்வோம். அந்தக் கணமே இரண்டு தட்டுகளிலும் பழைய கரை மறைந்துபோகும். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் கணினி வைரஸ் நுழைந்தாலும் அவ்வாறே இரண்டும் ஒருசேரக் கெடும். பேரேட்டில் தவறாக எழுதியதைப் பாஸ் புத்தகத்திலும் தவறாகவே எழுதினால் இரண்டு ஏடு இருந்தும் பயனில்லை அன்றோ? ஆதலின் நேற்றைய நிலையை நேற்றையதாகவே வைத்திருக்கும் காப்புப் பிரதி வேறாக வேண்டும்.

காப்புப் பிரதி எடுக்க ஏற்பாடு செய்துவிட்டோம் என்று வாளாவிருப்பதும் தகாது. கிட்லேப் என்னும் பெரிய கணினி நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று, ஊழியர் ஒருவர் துணை இயந்திரம் என்று எண்ணி முதன்மை இயந்திரத்தின் தரவுகளை அழித்துவிட்டார். அந்நிறுவனம் ஐந்து வகையான காப்பு முறைகளை வைத்திருந்தது. தேவைப்பட்ட வேளையில் அவற்றுள் ஒன்றும் ஒழுங்காகச் செயற்படவில்லை. பிரதி எடுக்கும் வேலை தோல்வியுற்றதை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவர் கைக்குச் சேரவில்லை. வேறொரு காரியத்துக்காக ஆறு மணி நேரம் முன்னர் ஒருவர் கையால் எடுத்துவைத்த பிரதியே கைகொடுத்தது. இடைப்பட்ட ஆறு மணி நேரப் பதிவுகள் போயின. நிபுணர் நிறைந்த இடத்திலேயே இந்நிலை எனில், நம்மைப் போன்ற சங்கங்கள் எவ்வளவு விழிப்புடன் இருத்தல் வேண்டும்!

பிரதி இருக்கும் இடமும் கருதத்தக்கது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சு நாட்டு ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் சர்வர் கட்டடம் ஒன்று தீயில் அழிந்தது. காப்புப் பிரதியையும் அதே இடத்தில் வைத்திருந்தோர் மூலத்தோடு அதனையும் இழந்தனர். இதற்கு எதிரான நற்காட்சியும் ஒன்று உண்டு. சிரியாவில் அலெப்போ நகரருகே இருந்த சர்வதேச விதை வங்கி ஒன்று, தன் விதைகளின் இரட்டையை நார்வே நாட்டின் ஸ்வால்பார்டு பெட்டகத்தில் சேர்த்து வைத்திருந்தது. போரினால் சொந்த வங்கியை ஆள இயலாமற்போகவே, 2015-இல் அங்கிருந்து விதைகளைத் திரும்பப் பெற்று லெபனானிலும் மொராக்கோவிலும் பயிரிட்டுப் பெருக்கியது. 2017-இல் புதிய விதைகளைப் பெட்டகத்தில் மீண்டும் சேர்த்தது. விதைநெல்லின் அருமை அறிந்த உழவர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

ஆகவே சங்க நிர்வாகத்தினர் கைக்கொள்ளத்தக்கவற்றைத் தொகுத்துக் கூறுவோம். சர்வரில் இரட்டைத் தட்டு இருக்கட்டும். மின்தடையில் எழுத்து பாதியில் அறாதிருக்க யூபிஎஸ் இணைக்கப்படட்டும். பழுதை அறிவிக்கும் மின்னஞ்சல் ஒருவருக்கு மட்டுமன்றி இருவருக்குச் செல்லட்டும். வாரத்தில் ஒருநாள், குறித்த ஊழியர் ஒருவர் இரண்டு தட்டுகளும் நலமா என்று நேரில் பார்த்துக் குறிப்பேட்டில் ஒப்பமிடட்டும். நாள்தோறும் வேறொரு சாதனத்தில் பிரதி எடுக்கப்படட்டும். அதனைப் பிரதி எடுக்கும் நேரம் தவிர மற்ற வேளையில் சர்வரோடு இணைத்து வைத்தல் கூடாது. மற்றொரு பிரதி வேற்றூரில் இருக்கட்டும். ஆரணியிலுள்ள சங்கமும் வேற்றூர்ச் சங்கமும் தம்முள் பேசிக்கொண்டு, பிறர் படிக்க இயலாதவாறு பூட்டிய பிரதியை ஒன்றுக்கொன்று வைத்துக் காக்கலாம். மாதம் ஒருமுறை, பிரதியிலிருந்து ஏதேனும் ஓர் அங்கத்தினரின் கணக்கை மீட்டெடுத்து, அவருடைய பாஸ் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். திறந்து பார்க்காத பிரதி, நனைத்து முளை பார்க்காத விதையைப் போன்றது.

அங்கத்தினர்களுக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த பேரவைக் கூட்டத்தில் இலாபப் பங்கு எவ்வளவு என்று கேட்கும்போது, நம் கணக்கின் பிரதி எங்கே இருக்கிறது, கடைசியாக அதனைத் திறந்து பார்த்தது எந்த நாள் என்றும் கேளுங்கள். தேதி சொல்லி விடை வருமாயின் மகிழ்ச்சி. வராவிடில், கூட்டம் கலையுமுன் அதற்கொரு தேதி குறிக்கச் செய்யுங்கள். கணினி வந்துவிட்டதென்று பாஸ் புத்தகத்தை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள்.