பேச்சுச் சிகிச்சை: மருத்துவமனையும் வகுப்பறையும்

பேசவோ, பிறர் பேசுவதைப் புரிந்துகொள்ளவோ, உணவை விழுங்கவோ சிரமப்படுகிறவர்களைச் சோதித்துப் பயிற்சி தருபவர் பேச்சு மொழிச் சிகிச்சையாளர். பேச்சு வராத குழந்தை, திக்கிப் பேசும் இளைஞர், பக்கவாதத்தில் சொற்களை இழந்த முதியவர், குரல் கம்மிப்போன ஆசிரியர் என எல்லா வயதினரும் இவரிடம் வருகிறார்கள். வாய்ப்புற்றுநோய் அறுவை சிகிச்சையில் நாக்கின் ஒரு பகுதியை இழந்தவர்களும் உண்டு. அவர்களுக்குப் பேச்சைவிட அவசரமானது, தண்ணீரைப் புரையேறாமல் விழுங்கப் பழகுவது. தூத்துக்குடி மாவட்டத்தில் வெற்றிலை விளையும் ஆத்தூர் போன்ற ஊரில் வாய்ப்புற்றுநோயைப் பற்றிச் சொல்லித்தான் ஆகவேண்டும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலை ஊருக்குப் பெருமை. ஆனால் அதோடு வாய்க்குள் போகும் பாக்கும் புகையிலையும் புற்றுநோயை உண்டாக்குபவை.

மூன்று வயதாகியும் பேசாத பிள்ளையை அழைத்து வந்தால் முதல் வேலை காதுச் சோதனை. “ஆம்பளப் பிள்ள, மெதுவாத்தான் பேசும்” என்று வீட்டில் ஆறுதல் சொல்லிக் காத்திருக்கும் மாதங்கள்தான் மிகப் பெரிய இழப்பு. மூளை மொழியை வேகமாகப் பிடித்துக்கொள்ளும் வயது அது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேளாதவர்களுக்கு உள்காதில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே கிடைக்கிறது. கருவி ஒலியைத்தான் கொண்டுவந்து சேர்க்கும். அந்த ஒலியைச் சொல்லாகக் கேட்கவும் திருப்பிச் சொல்லவும் நீண்ட பயிற்சி வேண்டும்.

பிறவியிலேயே அண்ணம் பிளந்த குழந்தைக்குச் சோதனை வேறு. மூக்கின் கீழே ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ‘பாப்பா’, ‘தாத்தா’, ‘காக்கா’ என்று சொல்லச் சொல்வார்கள். இந்தச் சொற்களுக்குக் காற்று வாய் வழியே மட்டும் வரவேண்டும். கண்ணாடியில் ஆவி படிந்தால் மூக்கு வழியே கசிகிறது என்று பொருள். ‘மாமா’ என்னும்போது ஆவி படிவது இயல்பு. பிளவைத் தைத்து மூடிய பிறகும் கசிவு நிற்காமல் போகலாம். அப்போது மறு அறுவையா, பயிற்சியா என்று முடிவுசெய்ய மருத்துவருக்குச் சிகிச்சையாளரின் காது தேவைப்படுகிறது.

எது குறை, எது வட்டார வழக்கு என்று பிரித்தறிவதில்தான் நல்ல சிகிச்சையாளர் தெரிகிறார். தூத்துக்குடிப் பக்கம் மழையை ‘மள’ என்பவர்களும் வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்பவர்களும் ஏராளம். அம்மாவும் ஆச்சியும் அப்படிப் பேசும் வீட்டில் பிள்ளைக்கு ழகரம் வராதது நோய் அல்ல. ஆங்கிலக் குழந்தைகளை வைத்து உருவாக்கிய சோதனைத் தாளில் இதற்கு விடை கிடைக்காது. தமிழுக்கென்று சொற்பட்டியலும் படங்களும் வயது அளவுகோலும் வேண்டும். அவற்றை உருவாக்குவது பெரும்பாலும் பல்கலைக்கழகத் துறைகளின் வேலை.

இத்துறையில் கற்பித்தலையும் சிகிச்சையையும் பிரிக்க முடியாததற்கு இதுவே காரணம். மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் நாட்டின் முன்னோடிக் கல்விக்கூடம். சென்னையில் ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழகத்திலும் வேறு சில நிறுவனங்களிலும் படிக்கலாம். அறிவியல் பாடங்களுடன் பிளஸ் டூ முடித்தவர்கள் சேரும் இளநிலைப் படிப்பு, ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியையும் சேர்த்து நான்கு ஆண்டு. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுசெய்த பிறகே தொழில் செய்யலாம். முதுநிலைப் பட்டமும் ஆய்வும் ஆசிரியப் பணிக்கு வழி. மாணவர் நோயாளிக்குப் பயிற்சி தரும்போது ஆசிரியர் ஒருவழிக் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்ப்பார். குழந்தை சலித்துப்போன நொடியை மாணவர் கவனித்தாரா, தாயிடம் வீட்டுப் பயிற்சியைப் புரியும்படி சொன்னாரா என்று அமர்வு முடிந்ததும் அலசுவார். தினமும் நோயாளியைப் பார்க்காத ஆசிரியரால் இதைச் சொல்லித்தர முடியாது.

இந்த இரட்டைப் பணி எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குத் திருவண்ணாமலை மாவட்டம் சான்று. ஸ்ரீராமச்சந்திராவின் பேச்சு, மொழி, செவித்திறன் துறை, பேராசிரியர் ரூபா நாகராஜன் போன்றோரின் முயற்சியில், 2005 முதல் அங்கே உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் உள்ளவர்களுக்கான சமூக மறுவாழ்வுத் திட்டத்தை நடத்தியது. வாரந்தோறும் சென்னைக்கு வந்துபோகக் கூலி வேலைக் குடும்பங்களால் ஆகாது. எனவே உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் வழியே பேச்சுத் திருத்தம் குடும்பங்களின் பக்கத்திலேயே கிடைக்கச் செய்தார்கள். வல்லுநர்கள் மேற்பார்வையிட்டார்கள். பின்னர் கடலூர் மாவட்டத்துக்கும் திட்டம் விரிந்தது.

வல்லுநர்கள் பெருநகரங்களில் குவிந்திருப்பது இன்றும் தீராத குறை. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் இதை ஓரளவு ஈடுசெய்கிறது. நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சென்று, பிறப்பு முதல் 18 வயது வரை உள்ளவர்களைப் பரிசோதிக்கின்றன. காது கேளாமை, அண்ணப் பிளவு, மொழி வளர்ச்சித் தாமதம் ஆகிய மூன்றும் அந்தப் பட்டியலில் உள்ளன. குறை தெரிந்தால் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.