மானியக் கோரிக்கை முடிந்து ஊர் திரும்பும் எம்.எல்.ஏ.

நிதிநிலை அறிக்கை, அதன் மீது பொது விவாதம், பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கைகள். இவ்வளவும் முடிந்து, பேரவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டதும் சேப்பாக்கத்து எம்.எல்.ஏ. விடுதி காலியாகத் தொடங்கும். ஊருக்குப் போகும் உறுப்பினர் தொகுதிக்கு என்ன சேதி கொண்டுபோகிறார் என்பதுதான் இந்த எழுபது ஆண்டுகளில் அடியோடு மாறியிருக்கிறது. கூட்டத்தொடர் முடிந்ததும் மக்களிடம் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்று அன்றும் சட்டம் இல்லை, இன்றும் இல்லை. ஆனாலும் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் சொல்லத்தான் செய்கிறார்கள். சொல்லாதவருக்கு, 'ஜெயிச்ச பிறகு இந்தப் பக்கமே வரல' என்ற பேச்சு அடுத்த தேர்தலில் காத்திருக்கும்.

1952இல் சென்னை மாநிலப் பேரவைக்கு 375 உறுப்பினர்கள். ஆந்திரக் கடற்கரையும் மலபாரும் அதில் அடக்கம். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் நான்கும் பேசுகிறவர்கள் ஒரே அவையில் உட்கார்ந்திருந்தார்கள். இன்று கலைவாணர் அரங்கம் நிற்கும் இடத்தில்தான் கூடினார்கள். 1957இல் புனித ஜார்ஜ் கோட்டைக்கு மாறினார்கள். (கொரோனா வந்து, தள்ளித் தள்ளி உட்கார வேண்டியிருந்ததால் 2020இல் மறுபடி அதே இடத்துக்கு வந்தது பேரவை.) தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956 டிசம்பரில்தான் நிறைவேறியது. ஆகவே அந்தக் காலத்து உறுப்பினர் ஊருக்கு வந்து செய்ய வேண்டிய முதல் வேலை, அவையில் ஆங்கிலத்தில் நடந்ததை ஊர்த் தமிழில் சொல்வது.

சொல்லவும் விஷயம் இருந்தது. 1952இல் வந்த தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், குத்தகைதாரரையும் பண்ணையாளையும் நினைத்தபோது வெளியேற்ற முடியாது என்றது. 1961இல் நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று சட்டமானது. 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. இவையெல்லாம் ஒரு வீட்டின் அடுப்பு எரியுமா எரியாதா என்பதைத் தீர்மானிக்கிற சேதிகள். 1957இல் தி.மு.க. முதன்முறையாகப் போட்டியிட்டு 15 பேரோடு பேரவைக்குள் நுழைந்தபோது, குளித்தலையிலிருந்து சென்ற மு.கருணாநிதியின் கன்னிப் பேச்சு நங்கவரம் விவசாயிகள் பிரச்சினையைப் பற்றியது. வயல்வரப்பில் நடந்த போராட்டம் அவைக்குப் போனது. அவைப் பேச்சு கட்சி ஏடுகள் வழியாகப் படிப்பகத்துக்கும் பொதுக்கூட்ட மேடைக்கும் திரும்பி வந்தது.

பட்ஜெட் விளக்கப் பொதுக்கூட்டம் என்று இன்றும் நடக்கிறது. ஆனால் கூட்டம் சேர்ப்பவர் வெளியூரிலிருந்து வரும் தலைமைக் கழகப் பேச்சாளர். உள்ளூர் உறுப்பினருக்கு முன்னுரைதான். பழைய கூட்டங்களில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது: கூட்டத்திலிருந்து துண்டுச்சீட்டில் கேள்வி எழுதி மேடைக்கு அனுப்பலாம். எல்லாச் சீட்டையும் படித்தார்கள் என்று நான் நம்பவில்லை. சங்கடமான சீட்டு சட்டைப் பைக்குள் போயிருக்கும். ஆனாலும் கேட்டவர் கண்ணெதிரே அதைச் செய்தாக வேண்டும்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் ஆக்கிவிட வேண்டாம். மேடையில் உறுப்பினர் சொன்னதே ஊருக்கு வேதம். அவையில் வாயே திறக்காதவர் ஊரில் வந்து முழங்கினாலும் சரிபார்க்க வழியில்லை. பேரவை நடவடிக்கைகள் அச்சாகி நூலகத்துக்கு வந்து சேர்ந்தாலும் அவற்றைப் புரட்டியவர் யார்? 1975இல் சென்னைத் தொலைக்காட்சி வந்த பிறகும் பேரவை வீட்டுக்குள் வந்துவிடவில்லை. பின்னாளில் தனியார் அலைவரிசைகள் வந்தபோது, செய்தித் துறை வெட்டிக் கொடுக்கும் காட்சிகளைத்தான் அவை ஒளிபரப்பின. தங்கள் பேச்சை வெட்டிவிட்டார்கள் என்பது எதிர்க்கட்சியின் நிரந்தரப் புகார். எந்தக் கட்சி எதிர்வரிசையில் உட்கார்ந்தாலும் அந்தப் புகார் அந்த வரிசையிலேயே தங்கிவிடும். நேரலை கேட்டுத் தொடுத்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2022 ஜனவரியில் கேள்வி நேரத்தின் நேரலை தொடங்கியது.

அதோடு தொகுதிக்குச் சேதி போகும் விதம் மாறிவிட்டது. உறுப்பினர் எழுந்து, 'மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்கள் வாயிலாக மாண்புமிகு அமைச்சர் அவர்களிடம் அறிய விரும்புவது...' என்று தொடங்குகிறார். அதற்கு முன்னால் கட்சித் தலைவருக்குப் புகழாரம் உண்டு. அதைச் சுருக்குங்கள் என்று பேரவைத் தலைவரே சொல்ல வேண்டியிருக்கும். கேட்டு உட்கார்ந்த சற்று நேரத்தில் அந்தப் பகுதி மட்டும் வெட்டப்பட்டு, பின்னணி இசையோடு, 'நமது தொகுதிக்காக ஒலித்த குரல்' என்ற ரீதியில் ஒரு தலைப்போடு வாட்ஸ்அப் குழுக்களில் இறங்கிவிடும். அவர் ஊர் திரும்புவதற்குள் சேதி பழசாகியிருக்கும்.

இந்தத் துணுக்குகள் எங்கே முடிகின்றன என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் கேள்வியோடு. அமைச்சர் எழுவதற்குள் பாட்டு வந்துவிடுகிறது. பழைய நாளேடு இதற்கு நேர் எதிர். 'பாலம் கட்டும் உத்தேசம் இல்லை: அமைச்சர்' என்றுதான் தலைப்பு வரும், கேட்டவர் பெயர் கீழே எங்கோ பொடி எழுத்தில் இருக்கும். அன்று தொகுதிக்கு வந்தது பதில். இன்று வருவது கேள்வி. கேட்டதே சாதனைக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

பதிலை ஏன் வெட்டுகிறார்கள் என்பது அவை மொழி தெரிந்தவர்களுக்குப் புரியும். 'நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்' என்றால் இந்த ஆண்டு இல்லை. 'ஆய்வு செய்து நடவடிக்கை எடுக்கப்படும்' என்றால் கோப்பே இன்னும் தொடங்கவில்லை. 'அரசின் பரிசீலனையில் தற்போது இல்லை' என்பது நேர்மையான பதில். தொகுதியில் காட்டத்தான் முடியாது. உயர்நிலைப் பள்ளியைத் தரம் உயர்த்தவும் புதிய வட்டம் பிரிக்கவும் விதிகள் உண்டு. ஊர் அந்த விதிக்குள் வரவில்லை என்று அமைச்சர் விளக்கினால், அதுதான் ஊருக்கு மிகவும் உபயோகமான தகவல். எந்தக் கதவு மூடியிருக்கிறது என்று தெரிந்தால் வேறு கதவைத் தட்டலாமே.

அவைக்கு வெளியே ஒரு கதவு 2022 ஆகஸ்டில் திறந்தது. தொகுதியில் நீண்ட நாளாக நிறைவேறாத பத்துக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டுத் தரும்படி எல்லா உறுப்பினர்களுக்கும் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கடிதம் எழுதினார்; எதிர்க்கட்சியினருக்கும் சேர்த்துத்தான். நல்ல ஏற்பாடு. என்றாலும், அவையில் நேரம் கேட்டுப் பேசி வாங்க வேண்டியதைப் பட்டியல் போட்டுத் தரலாம் என்றானபோது, அவைப் பேச்சின் எடை கொஞ்சம் குறைந்தது. அதற்கு முன்பே, ஜெயலலிதா காலத்தில், பேரவை விதி 110இன் கீழ் அறிவிப்புகள் அடுக்கடுக்காக வந்தன. அந்த விதியின்படி அறிவிப்பின் மேல் விவாதம் கிடையாது. உறுப்பினருக்கு மிஞ்சியது மேசையைத் தட்டுவது. இதோடு தொகுதி மேம்பாட்டு நிதி வேறு, ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். நிழற்குடை, உயர்கோபுர மின்விளக்கு, ரேஷன் கடை, அங்கன்வாடி என்று கண்ணுக்குத் தெரிகிற வேலைகள். எந்த ஆண்டு நிதி, எவ்வளவு தொகை, யார் உறுப்பினர் என்று சுவரில் எழுதிவைத்திருக்கும். மனசாட்சிப்படி சொன்னால், இன்று பல உறுப்பினர்களின் முழு அறிக்கையும் அந்தச் சுவர்தான்.

இதில் காணாமல் போனது சட்டம். சட்டமன்ற உறுப்பினர் ஊருக்குச் சொல்லும் சேதியில் சட்டத்தைத் தவிர மற்ற எல்லாம் இருக்கிறது. கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் மசோதாக்கள் வரிசையாக வரும். 'ஆதரிப்போர் ஆம் என்க, எதிர்ப்போர் இல்லை என்க' என்று குரல் வாக்கெடுப்பில் நிமிடங்களில் நிறைவேறும். 2023 ஏப்ரல் 21 அப்படிப்பட்ட ஒரு நாள். தொழிற்சாலைகளில் வேலைநேரத்தை ஒரு நாளைக்கு 12 மணி வரை நீட்டிக்க வழிசெய்யும் திருத்த மசோதா அன்று நிறைவேறியது. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தெழ, 24ஆம் தேதி அரசு அதை நிறுத்திவைத்தது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு மசோதாவும் அதே ஏப்ரல் 21இல்தான் நிறைவேறியது, அது சட்டமாகிவிட்டது. ஏரியும் ஓடையும் இருக்கிற நிலத்தைப் பற்றிய சட்டம் அது. தம் தொகுதி நீர்நிலைகளுக்கு அது என்ன செய்யும் என்று எத்தனை உறுப்பினர்கள் விளக்கக் கூட்டம் போட்டிருப்பார்கள்?

தொழிற்பேட்டையோ ஏரியோ உள்ள ஒரு தொகுதியின் உறுப்பினர், அன்று தான் 'ஆம்' என்றாரா, 'இல்லை' என்றாரா, எழுந்து வெளியே போனாரா, ஏன் என்று சொல்ல ஒரு நிமிடக் காணொளி போதும். அதை அவர்தான் சொல்லியாக வேண்டும். குரல் வாக்கெடுப்பில் யார் எந்தப் பக்கம் நின்றார் என்று அவைக்குறிப்பில் பெயர் ஏறுவதில்லை.